செலியாக் நோயாளிக்குச் சாம்பாரிலும் கோதுமை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செலியாக் நோய் என்று உறுதியானதும் மருத்துவர் "இனி கோதுமையே கூடாது" என்று சொல்லி அனுப்புகிறார். வீட்டில் சப்பாத்தி, பரோட்டா, பிரெட், பிஸ்கட் எல்லாம் நிற்கின்றன. மூன்று வேளையும் இட்லி, தோசை, சோறு என்று ஆகிவிட்ட பிறகு என்ன கவலை என்று குடும்பம் நிம்மதி அடைகிறது. ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தால், ரத்தத்தில் இந்நோயைக் காட்டும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) இறங்கியே இருக்காது. வயிற்று உப்புசமும் சோகையும் அப்படியே இருக்கும். "தெரியாமல் எதையோ வாங்கித் தின்கிறான்" என்று பழி நோயாளி தலையில் விழும். பெரும்பாலும் அவர் எதையும் வாங்கித் தின்றிருக்க மாட்டார். கோதுமை வந்த வழி அஞ்சறைப் பெட்டியாகவோ, மாவு மில்லாகவோ, பலகாரம் பொரித்த எண்ணெய்ச் சட்டியாகவோ இருக்கும். நம் ஊர்ச் சமையலுக்கு ஏற்றபடி இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. மருத்துவமனைகளில் தரப்படும் அச்சிட்ட தாள்களில் பாஸ்தாவும் பீட்சாவும் இருக்கின்றன, பெருங்காயம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீள்கிறது.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் முழுதாகச் செரிப்பதில்லை. குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களில் சிலருக்கு, செரிக்காத அந்தத் துண்டுகளைப் பகையாக எண்ணி உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய மடிப்புகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி எதுவும் சரியாக உள்ளே போகாது. வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் வருவதில்லை. மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின், வளராத குழந்தை, அடிக்கடி வரும் வாய்ப்புண், இளவயதிலேயே எலும்புத் தேய்மானம் என்று வேறு முகங்களிலும் வரும். இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவு ஒன்றே வழி.

இது வடநாட்டு நோய், நமக்கு வராது என்று மருத்துவர்களே சிலர் எண்ணுகிறார்கள். இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், இந்நோய்க்கான எதிர்ப்புப் புரதம் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடமும், தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. தெற்குப் பகுதிக்கு ஆய்வு நடந்த இடம் வேலூர். கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த விவரம். நோய்க்குரிய மரபணு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் இருந்தது. ஆனால் கோதுமை உண்ணும் அளவு வடக்கில் நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். இன்று இங்கே தெருவுக்குத் தெரு பரோட்டா கடை இருக்கிறது. சர்க்கரை நோய் என்றாலே இரவில் சப்பாத்தி என்று ஆகிவிட்டது. தெற்கில் அந்த எண் அப்படியே நிற்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல.

நோயைக் கண்டுபிடிக்கும் கட்டத்திலேயே ஒரு பெரிய பிழை நடக்கிறது. சந்தேகம் வந்தவுடன் "ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பாருங்கள்" என்று ஆலோசனை சொல்கிறார்கள். நிறுத்திவிட்டால் எதிர்ப்புப் புரதம் இறங்கத் தொடங்கும், குடலும் தேறத் தொடங்கும். பிறகு எந்தப் பரிசோதனையும் தெளிவான விடை தராது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, இந்நோய்க்கான எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் அளக்கும் டி.டி.ஜி. – ஐ.ஜி.ஏ. பரிசோதனையும், கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் பார்க்க வேண்டும். ஐ.ஜி.ஏ. என்பது எதிர்ப்புப் புரதங்களில் ஒரு வகை. சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைவு, அவர்களுக்கு முதல் பரிசோதனை மட்டும் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். அடுத்து எண்டோஸ்கோப்பி மூலம் முன்சிறுகுடலிலிருந்து சதைத் துணுக்குகள் எடுப்பார்கள். ஒன்று போதாது. சேதம் திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் குறைந்தது நான்கும், முன்சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டும் வேண்டும். ஏற்கெனவே நிறுத்தியவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் தினமும் இரண்டு சப்பாத்தி அளவுக்குக் கோதுமையை ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போவது நல்லது.

நம் பகுதியில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. குடல் மடிப்புகள் தேய்வதற்கு செலியாக் மட்டுமே காரணம் அல்ல. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் கொள்ளைநோய் போலவே பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயிலும் குடல் இப்படித்தான் காணப்படும். அதற்கு ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் போதும். கோதுமையை விட வேண்டியதில்லை. எனவே ரத்தப் பரிசோதனையும் சதைத் துணுக்கும் ஒன்றையொன்று உறுதி செய்தால்தான், ஒருவரை ஆயுள் முழுக்க ஓர் உணவுக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கலாம்.

இனி அளவுக்கு வருகிறேன், ஏனெனில் "கொஞ்சம்தானே" என்ற சொல்தான் இந்நோயாளிகளின் முதல் எதிரி. பெரும்பாலானவர்களின் குடல் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை தாங்குகிறது. தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடல் மடிப்புகள் சேதமடைந்தன. நூறு கிராம் மைதாவில் ஏறத்தாழ 8 முதல் 10 கிராம் குளூட்டன் உண்டு. அப்படியென்றால் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு மைதாவிலேயே ஒருநாள் எல்லை முடிந்துவிடுகிறது. ஒரு சப்பாத்தியில் இருப்பது அந்த எல்லையைப் போல 250 முதல் 300 மடங்கு. 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் அச்சிட, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

இப்போது பெருங்காயம். ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வரும் அசல் பிசின் மிகக் கடுமையானது. அதைக் கோந்தும் மாவும் சேர்த்து மட்டுப்படுத்தித்தான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு அல்லது மைதா. கட்டியானாலும் தூளானாலும் இதில் வேறுபாடு இல்லை. நான்கு பேருக்கான சாம்பாரில் கால் டீஸ்பூன், அதாவது சுமார் அரை கிராம் தூள் போடுகிறோம் என்று கொள்வோம். அதில் பாதி மாவு என்றால் குழம்பில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன். ஒருவர் பங்குக்கு ஐந்தாறு மில்லிகிராம். சாம்பாரோடு நின்றால் தப்பிவிடலாம். ஆனால் ரசத்திலும் பெருங்காயம், மோரிலும் பெருங்காயம், ஊறுகாய், அப்பளம், இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, முறுக்கு எல்லாவற்றிலும் பெருங்காயம். ஒரு மதியச் சாப்பாட்டிலேயே எல்லை தாண்டிவிடும். சோறு மட்டுமே சாப்பிட்டும் பரிசோதனை அளவு இறங்காத பலருக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

தீர்வு எளிது. அரிசி மாவில் செய்து, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பெருங்காயம் கிடைக்கிறது. அதை மட்டும் வாங்கலாம். மாவு கலக்காத பிசின் கிடைத்தால் அரிசிமணி அளவு துண்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றலாம். இரண்டும் இல்லையென்றால் பெருங்காயமே வேண்டாம். பருப்பின் வாயுவுக்குப் பூண்டும் சீரகமும் சுக்கும் போதும். பழைய டப்பாவில் புதியதைக் கொட்டி வைக்காதீர்கள்.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த இயந்திரத்தின் கற்களுக்கு இடையிலும், மாவு இறங்கும் வாயிலும், அங்கே கட்டியிருக்கும் துணிக் குழாயின் மடிப்புகளிலும் மாவு தங்கியிருக்கும். ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே 20 மில்லிகிராம் எல்லையைத் தொட்டுவிடும். மில்லில் தங்குவது அதைவிடப் பல மடங்கு. "முதலில் ஒரு கை அரிசி போட்டு ஓட்டிவிட்டேன்" என்று மில்காரர் நல்ல மனதோடு சொல்வார். துணிக் குழாயில் இருப்பது அதனால் போகாது. காலையில் முதல் ஆளாகப் போவதிலும் பயனில்லை, நேற்றைய மாவு அங்கேயே இருக்கிறது. அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி வீட்டு மிக்ஸியில் சிறிது சிறிதாக அரைத்துச் சலிப்பது பாதுகாப்பு. கோதுமை அரைக்காத, மிளகாய்–மல்லிக்கு மட்டுமான இயந்திரத்தில் சாம்பார்ப் பொடி அரைக்கலாம். ஆனால் அதில் கோதுமை சேர்ந்த சத்துமாவு அரைப்பதுண்டா என்று கேட்டுவிட வேண்டும்.

கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், ஜவ்வரிசி, எல்லாப் பருப்புகளும் இந்நோயாளிகளுக்கு நல்லவையே. மாவாக வாங்காமல் முழுத் தானியமாக வாங்குங்கள். சில்லறைக் கடையில் ஒரே அள்ளியால் கோதுமையையும் கம்பையும் அள்ளுவார்கள். வாங்கியதை எவர்சில்வர் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, நடுவில் கோடு விழுந்த நீள மணிகள் இருக்கின்றனவா என்று பார்த்துப் பொறுக்கிவிட்டு, மூன்று தண்ணீரில் கழுவிய பிறகே அரைக்க வேண்டும். ரேஷனில் வரும் செறிவூட்டப்பட்ட அரிசியைப் பற்றிப் பயம் வேண்டாம். அதில் கலந்திருக்கும் மணிகள் அரிசி மாவிலேயே இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்தவை. ஓட்ஸ் இப்போதைக்கு வேண்டாம். அதன் புரதம் பலருக்கு ஒத்துக்கொண்டாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது.

பெயரைக் கேட்டு ஏமாறும் இடங்கள் சில உண்டு. சம்பா ரவை நாட்டு வகை என்பதால் தீங்கில்லை என்கிறார்கள். அதுவும் கோதுமைதான், குளூட்டன் உள்ளதுதான். வெள்ளை ரவை, சேமியா, மைதா மூன்றும் கோதுமையே. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. போளியின் மேல்மாவு மைதா. கால் வீக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் பாட்டிமார் காய்ச்சித் தரும் பார்லிக் கஞ்சி நேரடியான குளூட்டன். பாலில் கலக்கும் மால்ட் பானத் தூள்களும் பார்லியில் செய்பவை. காலிஃபிளவர் சில்லி மைதாவில் முக்கி, கோதுமை சேர்ந்த சோயா சாஸில் புரட்டப்படுகிறது. வீட்டிலேயே தோசை மொறுமொறுப்புக்கு ஒரு கை ரவை போடுவதும், தட்டைக்கும் அதிரசத்துக்கும் பக்குவம் தப்பினால் மைதா சேர்ப்பதும் சகஜம். இலங்கைத் தமிழர் வீடுகளில் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அவித்த கோதுமை மா கலப்பது வழக்கம். அங்கே அரிசி மா மட்டுமா என்று கேட்க வேண்டும். கத்தோலிக்கர்கள் பெறும் நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. பங்குத்தந்தையிடம் சொன்னால் திராட்சை இரசம் மட்டும் பெற்றுக்கொள்ள வழி உண்டு.

ஹோட்டலில் உளுந்து வடையும் தோசையும் பாதுகாப்பு என்று தோன்றும். பூரியும் சமோசாவும் பொரிந்த எண்ணெயில்தான் வடையும் பொரிகிறது. ரவா தோசை ஊற்றிய கல்லில்தான் சாதா தோசையும் விழுகிறது. எண்ணெய் கொதித்தால் எல்லாம் போய்விடும் என்பது தவறு. அடுப்புச் சூட்டில் கிருமி சாகும், இந்தப் புரதம் சாகாது. வெளியே சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் இட்லி, வெறும் சோறு, தயிர், வேகவைத்த முட்டை, வாழைப்பழம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். சாம்பார் வேண்டாம், தேங்காய்ச் சட்னி தாளிப்பில் பெருங்காயம் உண்டா என்று கேளுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிடலாம். பாத்திரம் பிரித்தால் போதும். சல்லடை, பூரிக்கட்டை, சப்பாத்திப் பலகை, மரக் கரண்டி, முறுக்கு அச்சு, இடியப்ப அச்சு ஆகியவை நோயாளிக்குத் தனியாக இருக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரமும் கண்ணாடியும் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பொதுவாக இருக்கலாம். சல்லடை எவ்வளவு கழுவினாலும் போகாது; கம்பி வலையின் ஓரத்தைக் குண்டூசியால் கீறிப் பார்த்தால் காய்ந்த மாவு உதிர்வதைக் காணலாம். கோதுமை மாவைக் கொட்டிப் பிசையும்போது கிளம்பும் தூசு அருகில் திறந்திருக்கும் பாத்திரத்தில் படியும். அதனால் நோயாளியின் சமையலை முதலில் முடித்து மூடிவைத்துவிட்டு, பிறகு சப்பாத்திக்குப் பிசையுங்கள்.

சப்பாத்திக்கு ஏங்குபவர்களுக்குக் கேழ்வரகு ரொட்டி நல்ல மாற்று. ஆனால் முதல் நாளே உடைந்து நொறுங்கிவிட்டது என்று கைவிடுகிறார்கள். கோதுமை மாவை இழுத்துப் பிடிப்பது குளூட்டன். கேழ்வரகில் அது இல்லை. எனவே ஸ்டார்ச்சை வேகவைத்துத்தான் ஒட்டவைக்க வேண்டும். ஒரு கப் மாவுக்கு ஒரு கப் தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசைந்து வாழையிலையில் தட்டுங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை அல்லது கொதி வரவில்லை என்று பொருள். அப்போதும் வெடித்தால் அடுத்த முறை மாவில் ஒரு டீஸ்பூன் இசப்கோல் உமி கலந்து கொள்ளலாம். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால், எலும்பு தேய்ந்த இந்நோயாளிகளுக்கு இது இரட்டை லாபம். வெறும் வெள்ளை அரிசியிலேயே காலம் தள்ளுபவர்களுக்கு மலச்சிக்கலும் பி வைட்டமின் குறைவும் வரும்.

குடல் தேறும் வரை முதல் சில வாரங்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பாலை நிறுத்தித் தயிரும் மோரும் கொடுங்கள், பிறகு தானாகச் சரியாகும். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளைத் தொடக்கத்திலேயே பார்த்து, குறைவுக்கு மாத்திரை எடுக்க வேண்டும். டி.டி.ஜி. அளவை ஆறாவது மாதமும் ஓராண்டிலும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் பார்க்கலாம். முற்றிலும் இயல்புக்கு வர ஓரிரு ஆண்டுகள்கூட ஆகும். இறங்குமுகமாக இருக்கிறதா என்பதே முக்கியம். உடம்பு தேறியதும் "சரியாகிவிட்டது, இனி கொஞ்சம் சாப்பிடலாம்" என்று தொடங்குபவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே குடல் மறுபடி தேயும். உடன்பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர்களிடம் அரிசியைக் குறைத்துச் சப்பாத்தி கொடுங்கள் என்று சொல்வதற்கு முன் மருத்துவர்கள் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அரசின் கவனத்துக்கு இரண்டு செய்திகளைக் கொண்டுசெல்ல உங்கள் நாளிதழ் உதவ வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மிக நல்ல திட்டம். அதில் ஒரு குழந்தைக்கு ஒதுக்கப்படும் 50 கிராம் தானியம் பல நாள்களில் ரவையாகவோ சேமியாவாகவோ கோதுமை ரவையாகவோ அமைகிறது. செலியாக் குழந்தைக்கு அது ஒரே வேளையில் நான்கைந்து கிராம் குளூட்டன். தனியாகச் சமைக்கக் கேட்கவில்லை. திட்டத்தின் உணவுப் பட்டியலிலேயே அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் இருக்கின்றன. மருத்துவச் சான்று உள்ள குழந்தை படிக்கும் பள்ளியில் அரிசி வகைகளையே எல்லோருக்கும் சமைத்து, பெருங்காயத்தைத் தவிர்த்தால் அந்தக் குழந்தையும் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சாப்பிடும். அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை மாவு உண்டு. சான்றுள்ள குழந்தைக்கு அதற்கு ஈடாகக் கேழ்வரகு மாவும் வெல்லமும் கொடுக்கலாம்.

மற்றது பாக்கெட்டில் இருக்கும் எழுத்து. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் சொல்கின்றன. பெரிய நிறுவனங்கள் அச்சிடவும் செய்கின்றன, ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில். ரிஃபைன்ட் வீட் ஃப்ளவர், செமோலினா, மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று இருந்தால் அது கோதுமை அல்லது பார்லி என்பது சமையலறையில் நிற்கும் எத்தனை பேருக்குப் புரியும்? பெருங்காய டப்பாவிலும் மசாலாப் பொடி பாக்கெட்டிலும் 'கோதுமை மாவு கலந்தது' என்று தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் அச்சிடும்படி உணவுப் பாதுகாப்புத் துறை தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பலகாரக் கடைகளில் முறுக்கும் தட்டையும் அடைத்து விற்கும் உள்ளூர் பாக்கெட்டுகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் உணவியல் ஆலோசகர்,
திருச்சி.